கால் ஊன்றாத பயணம்

வேகத்துக்குப் பரிசு தராத மோட்டார் சைக்கிள் போட்டி ஒன்று உண்டு. அதற்கு ட்ரயல்ஸ் என்று பெயர். இதில் பங்கேற்போர் ஒருவரையொருவர் முந்திச் செல்வதில்லை. பாறையும் ஓடையும் சேறும் மரவேரும் நிறைந்த குறுகிய பாதையில் ஒவ்வொருவராக வண்டியைச் செலுத்துகின்றனர். பாதையின் தொடக்கம் முதல் முடிவு வரை கால் தரையைத் தொடாமல் செல்ல வேண்டும். தொட்டால் தண்டப் புள்ளி. இறுதியில் யாருக்குத் தண்டப் புள்ளி குறைவோ அவரே வெற்றி பெற்றவர்.

தமிழ்நாட்டுச் சிறுவர் சிறுமியர் தரையில் கட்டம் கீறி ஆடும் பாண்டி ஆட்டத்தைப் பற்றி உங்கள் பாட்டியோ அம்மாவோ சொல்லக் கேட்டிருப்பீர்கள். டெல்லிப் பக்கம் அதனை ஸ்டாப்பு என்பர். வங்காளத்தில் கித்கித் என்பர். கர்நாடகத்தில் குண்டே பில்லே என்பர். ஒற்றைக் காலில் நொண்டிச் செல்பவர் கோட்டை மிதித்தாலோ மற்றக் காலை ஊன்றினாலோ ஆட்டத்தை இழப்பார். ட்ரயல்ஸ் போட்டியும் ஏறத்தாழ இத்தகையதே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பாண்டியில் கால் ஊன்றியவுடன் வாய்ப்புப் போய்விடும். ட்ரயல்ஸில் அப்படிப் போவதில்லை. ஊன்றிய காலுக்குச் சிறு விலை கொடுத்துவிட்டுத் தொடர்ந்து செல்லலாம். இச்சிறு வேறுபாட்டில்தான் ஓட்டுபவரின் பாதுகாப்புக்கான முதல் ஏற்பாடு இருக்கிறது.

புள்ளிக் கணக்கு

போட்டி நடைபெறும் மலைப்பகுதியில் ஆங்காங்கே சில சோதனை இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை ஆங்கிலத்தில் செக்‌ஷன் என்பர். பாண்டி ஆட்டத்தை நினைவிற்கொண்டு, தமிழில் அதனைக் கட்டம் என்றே சொல்லலாம். ஒரு கட்டம் சில பத்து மீட்டர் நீளமே இருக்கும். இரு பக்கமும் எல்லைக் குறிகள் நடப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கண்காணிப்பாளர் நின்று, ஓட்டுபவரின் கால்களையும் வண்டியின் சக்கரங்களையும் கூர்ந்து நோக்குவார்.

காலே ஊன்றாமல் கடந்தால் தண்டப் புள்ளி இல்லை. ஒரு முறை ஊன்றினால் 1. இரு முறை ஊன்றினால் 2. மூன்று முறையோ அதற்கு மேலோ ஊன்றினால் 3. வண்டி விழுந்தாலோ, எல்லையைத் தாண்டினாலோ, பின்னோக்கி உருண்டாலோ அக்கட்டத்தில் தோல்வி, அதற்கு 5. நிற்கவே கூடாது என்னும் விதியுள்ள போட்டிகளில், வண்டி ஒரு கணம் நின்றாலும் 5 புள்ளிதான்.

இக்கணக்கைச் சற்றே ஆராய்ந்து பாருங்கள். மூன்று முறை கால் ஊன்றியவர் அதற்குப்பின் பத்து முறை ஊன்றினாலும் தண்டம் கூடுவதில்லை. ஆகவே, தடுமாறத் தொடங்கியவர் இரு கால்களாலும் தரையை உந்தி உந்திப் பத்திரமாக வெளியேறி வரலாம். பார்ப்பதற்கு அழகாக இராது. ஆனால் 5 புள்ளிக்குப் பதிலாக 3 புள்ளியோடு முடியும். அதேபோல், 5 என்பதே பெரும அளவு. எவ்வளவு மோசமாக விழுந்தாலும் அதற்கு மேல் தண்டம் இல்லை. முயலாமலே விட்டுவிட்டாலும் அதே 5 தான். எனவே, தம்மால் இயலாது என்று தோன்றும் பாறையின் முன் நின்று, ‘இதை விட்டுவிடுகிறேன்’ என்று கண்காணிப்பாளரிடம் சொல்வது இவ்விளையாட்டில் இழிவாகக் கருதப்படுவதில்லை. ஒரு கட்டத்தில் 5 பெற்றவர் அடுத்த கட்டங்களில் அதனை ஈடுசெய்ய இயலும். கால் முறிந்தவரால் இயலாது.

மலைநாட்டில் பிறந்த போட்டி

ட்ரயல்ஸ் பிரிட்டனில் தோன்றியது. மோட்டார் சைக்கிள் புதிதாக வந்த காலத்தில், மேடுபள்ளமான மலைப்பாதைகளில் அது பழுதின்றி ஓடுமா என்று சோதித்துப் பார்ப்பதே தொடக்க நோக்கமாக இருந்தது. ட்ரயல் என்னும் சொல்லுக்குச் சோதனை என்பதே பொருள். ஸ்காட்லாந்தில் 1909ஆம் ஆண்டு ஐந்து நாள் சோதனை ஓட்டம் ஒன்று நடைபெற்றது. அது 1911 முதல் ஆறு நாள் போட்டியாக வளர்ந்தது. இன்றும் ஃபோர்ட் வில்லியம் என்னும் ஊரை மையமாகக் கொண்டு ஆண்டுதோறும் மே மாதத்தில் அது நடைபெறுகிறது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் ஆல்ஃபிரட் ஸ்காட் என்னும் மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர் 1914இல் தம் தொழிற்சாலைப் பணியாளருக்காகத் தொடங்கிய போட்டியும் இன்றுவரை அவர் பெயரிலேயே தொடர்கிறது.

இவ்வரலாற்றில் நமக்கு மிகவும் அறிமுகமான ஒரு வண்டிக்கும் இடம் உண்டு. அது புல்லட். ‘டப் டப்’ என்னும் அதன் ஓசையை நீங்கள் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் கேட்டிருப்பீர்கள். அக்காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கரத்துக்கு அதிர்வு தாங்கும் அமைப்பு இல்லை. பின்சக்கரம் அசையாமல் இறுகப் பொருத்தப்பட்டிருந்தால்தான் சேற்றிலும் பாறையிலும் நன்றாகப் பற்றும் என்று ட்ரயல்ஸ் வீரர் பலர் நம்பினர். இங்கிலாந்திலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், பின்சக்கரம் மேலும் கீழும் அசையுமாறு அமைத்த புதிய புல்லட்டை 1948இல் ஒரு ட்ரயல்ஸ் போட்டியில்தான் முதன்முதலாகக் களமிறக்கியது. பலரும் ஐயத்தோடு பார்த்தனர். ஜானி பிரிட்டன் என்னும் இளைஞர் அந்தப் புல்லட்டிலேயே ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியை 1952இல் வென்றார். ராயல் என்ஃபீல்டு வண்டியிலேயே 1957இல் மீண்டும் வென்றார். அவ்விரு வெற்றிகளுக்கும் இடைப்பட்ட 1955ஆம் ஆண்டில்தான் சென்னையில் புல்லட் தயாரிக்கும் நிறுவனம் தொடங்கப்பட்டது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்து, எல்லைப்புறப் படைவீரர்களையும் ஊர்ப்புறக் காவலர்களையும் சுமந்த அவ்வண்டியின் உடற்கட்டு, ஸ்காட்லாந்துப் பாறைகளின்மேல் சோதிக்கப்பட்டதாகும். பிரிட்டனின் நினைவைப் போற்றும் வகையில் 2019இல் ‘புல்லட் ட்ரயல்ஸ்’ என்ற பெயரில் ஒரு வண்டியும் இந்தியாவில் வெளியிடப்பட்டது.

இன்று உண்மையான ட்ரயல்ஸ் வண்டியைப் பார்த்தால் அது புல்லட்டின் உறவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். சாலையில் ஓடும் புல்லட் 190 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ட்ரயல்ஸ் வண்டியோ ஏறத்தாழ 70 கிலோதான். அதில் இருக்கையே இல்லை! ஓட்டுபவர் கால்மிதிகளின் மேல் நின்றபடியே செல்கிறார். நின்றிருந்தால் முழங்கால்கள் அதிர்வைத் தாங்கும். உடலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்து எடையை வேண்டிய சக்கரத்தின்மேல் வைக்கலாம். வண்டி கைமீறினால் அதைவிட்டுத் தாவி இறங்கவும் எளிது. டயரில் காற்றும் மிகக் குறைவு. சாலை வண்டியின் டயரில் ஏறத்தாழ 30 அலகு அழுத்தம் இருந்தால், இதன் பின்டயரில் 4 அல்லது 5 அலகே இருக்கும். அதனால் டயர் பாறையின்மேல் மெத்தென்று படிந்து, பல்லி சுவரைப் பற்றுவதுபோலப் பற்றுகிறது.

வண்டி இலகுவானதற்கும் ஒரு வரலாறு உண்டு. வட அயர்லாந்தைச் சேர்ந்த சாமி மில்லர், கனமான பிரிட்டிஷ் வண்டியை ஓட்டிப் புகழ்பெற்றிருந்தவர். அவர் ஸ்பெயின் நாட்டின் புல்டாக்கோ நிறுவனத்தோடு இணைந்து இலகுவான வண்டி ஒன்றை உருவாக்கினார். அவ்வண்டியில் 1965இல் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றார். அதன்பின் கனமான வண்டிகளின் காலம் விரைவில் முடிந்தது. விழும்போது காலின்மேல் சாயும் இரும்பின் எடை குறைந்ததால், காயமும் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? அவ்வளவு எளிதாக நடந்துவிடவில்லை. வண்டி இலகுவாக ஆக, முன்பு கடினமாயிருந்த கட்டங்களை எல்லாரும் எளிதில் கடந்தனர். எல்லாருக்கும் பூச்சியம் என்றால் வெற்றியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது? கட்டங்களை மேலும் கடினமாக்கினர். கடினமாக்குவதற்குக் கைக்கெட்டிய எளிய வழி உயரத்தைக் கூட்டுவது.

கடினம் வேறு, ஆபத்து வேறு

கட்டம் அமைப்பவரின் வேலை வெளியே தெரியாத வேலை. போட்டிக்குச் சில நாள் முன்பே அவர் மலையில் நடந்து, எங்கே திருப்பம், எங்கே ஏற்றம் என்று குறிவைக்கிறார். அவர் முன்னுள்ள சிக்கல் இதுதான்: மிகச் சிறந்த வீரரிடமிருந்தும் ஒரு புள்ளியாவது பறிக்க வேண்டும், மிகப் புதியவரும் முழு உடலோடு வீடு திரும்ப வேண்டும்.

இரண்டு கட்டங்களைக் கற்பனை செய்து பாருங்கள். முதலாவதில் ஆள் உயரத்துக்கு மேலான செங்குத்துப் பாறை ஒன்று இருக்கிறது. அதன் அடியில் கூரிய கற்கள். பாறைமேல் ஏறக்கூடியவர் இருவரே. அவர்கள் இருவரும் பூச்சியம் பெறுவர். மற்றவர் அனைவரும் பாதி ஏறிப் பின்னோக்கி விழுந்து 5 பெறுவர். இதில் 1, 2, 3 என்னும் எண்களுக்கு வேலையே இல்லை. கட்டம் ஆபத்தானது, ஆனால் ஒருவரையொருவர் வேறுபடுத்திக் காட்டும் திறன் அதற்கு இல்லை.

இரண்டாவதில் உயரமான பாறை எதுவும் இல்லை. முழங்கால் உயரக் கரை ஒன்று. அதில் ஈரமான மரவேர்கள் குறுக்காகக் கிடக்கின்றன. கரைக்குச் சற்று முன்னால் ஒரு மரத்தைச் சுற்றி இறுக்கமாகத் திரும்ப வேண்டியிருப்பதால், விரைந்து வந்து தாவ வழியில்லை. திருப்பத்திலிருந்து மெல்ல நிமிர்ந்து, வேரின்மேல் சக்கரம் வழுக்காத அளவுக்கு மட்டும் விசை கொடுத்து ஏற வேண்டும். கிளட்சை விடுவதில் விரல் அளவு பிசகினாலும் பின்சக்கரம் சுழன்று வழுக்கும். கால் தானாகத் தரைக்கு வரும். இங்கே சிறந்தவர் பூச்சியமோ 1ஓ பெறுவார். நடுத்தரமானவர் 2 பெறுவார். புதியவர் 3 பெற்று உந்திக்கொண்டு வெளியேறுவார். விழுந்தாலும் புல்லிலும் சேற்றிலும்தான் விழுவார். இரண்டாவது கட்டமே கடினமானது என்று தயங்காமல் சொல்லலாம். முதலாவது கட்டத்தை அமைக்கத் துணிவு போதும். இரண்டாவதை அமைக்கக் கலை வேண்டும்.

ஸ்காட்லாந்துப் போட்டியில் இக்கலையைக் காணலாம். அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கட்டங்கள். உலக வெற்றியாளரும், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ஓட்டும் தச்சரும் ஆசிரியரும் அதே கட்டங்களையே கடக்க வேண்டும். தனித்தனிப் பாதை கிடையாது. கிண்லாக்லெவன் ஊருக்கு அருகே, நீர்மின் நிலையக் குழாய்களை ஒட்டி ஏறும் ஒரு புகழ்பெற்ற கட்டத்துக்குப் ‘பைப்லைன்’ என்றே பெயர். பெயர்ந்து கிடக்கும் கற்களின்மேல் நீண்ட ஏற்றம் அது. அங்கே வீரரைச் சோதிப்பவை நீளமும் உருளும் கற்களும். நாட்கணக்கில் சேர்ந்த களைப்பும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். பிரிட்டனைச் சேர்ந்த டகி லாம்ப்கின் என்பவர் இப்போட்டியைப் பன்னிரண்டு முறை வென்றிருக்கிறார்.

உலகக் கோப்பைப் போட்டிகள் வேறு வழியில் சென்றன. 1975இல் அவை தொடங்கியபோது முதல் வெற்றி பெற்றவர் டகியின் தந்தையாகிய மார்ட்டின் லாம்ப்கின். பின்வந்த வீரர்கள் வண்டியை நிறுத்தி, ஒரே இடத்தில் சக்கரங்களைத் துள்ளவைத்துத் திசை மாற்றி, பிறகு பாறைமேல் தாவும் திறனைக் கற்றனர். அதற்கேற்பப் பாறைகளும் உயர்ந்தன. ஸ்பெயின் நாட்டின் டோனி போ, 2007 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் திறந்தவெளி, உள்ளரங்கம் ஆகிய இரு உலகப் பட்டங்களையும் தாமே வென்றவர். அவர் ஏறும் பாறைகளைக் காண்பவர்க்கு மூச்சு நின்றுவிடும். அத்தகைய கட்டங்களில் ஓட்டுபவரோடு ஓர் உதவியாளரும் பாறைமேல் ஏறி நிற்பார். வண்டி பின்னோக்கிச் சாய்ந்தால் அதைப் பிடித்துக்கொள்வது அவர் கடமை. அவர் கை வண்டியின்மேல் பட்டவுடன் 5 புள்ளி. ஆனால் 5 புள்ளியைப் பற்றி அந்நேரத்தில் யார் கவலைப்படுவார்? பிடிக்க ஒருவர் நின்றால்தான் ஏறலாம் என்ற நிலை வந்த பின்பு, அக்கட்டம் விளையாட்டின் எல்லையைத் தொட்டுவிட்டது என்று கருதியோரும் உண்டு. 2013இல் பன்னாட்டு மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு, உலகப் போட்டிகளில் வண்டி நிற்கக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தது. நில்லாமல் செல்ல வேண்டுமானால் கட்டங்களும் தாழ வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. வீரர் சிலர் எதிர்த்தனர். நிற்பதா, நில்லாமல் செல்வதா என்னும் வாதம் அதன்பின்னும் ஓயவில்லை.

ஊர்க் கழகங்கள் நடத்தும் சிறு போட்டிகளில் இச்சிக்கலுக்கு எளிய தீர்வு உண்டு. ஒரே கட்டத்துக்குள் வெவ்வேறு நிற அம்புக்குறிகளால் பல பாதைகள் குறிக்கப்படும். தேர்ந்தவர்க்குரிய அம்பு பாறைமேல் ஏறும். புதியவர்க்குரிய அம்பு அதே பாறையைச் சுற்றிச் செல்லும். மின்கலத்தால் இயங்கும் சிறு வண்டியில் வரும் ஏழு வயதுக் குழந்தைக்கும் ஒரு நிறம் உண்டு. எல்லாரும் ஒரே இடத்தில் கூடி, ஒருவர் செல்வதை மற்றவர் பார்க்கின்றனர். பெண்களுக்கென 2000ஆம் ஆண்டு தொடங்கிய உலகப் போட்டியில் பத்துக்கும் மேற்பட்ட பட்டங்களை வென்ற லாயா சான்ஸ், சிறுமியாக இருந்தபோது இத்தகைய போட்டிகளில் சிறுவர்களோடு சேர்ந்து ஓட்டி வளர்ந்தவரே.

மணிக்கட்டில் ஒரு கயிறு

நடைவேகத்தில் செல்லும் வண்டியால் என்ன தீங்கு நேரும் என்று நினைக்கலாம். இங்கே காயம் வேகத்தால் வருவதன்று. பாறைக்கும் வண்டிக்கும் இடையே கணுக்கால் அகப்படுவதால் வருவது. ஆகவே முழங்காலுக்குக் கீழ்வரை காக்கும் தடித்த காலணியும் கையுறையும் வேண்டும். பழைய ஒளிப்படங்களில் வீரர்கள் துணித்தொப்பி அணிந்து பாறை ஏறுவதைக் காணலாம். இன்று தலைக்கவசம் இன்றி யாரும் கட்டத்துக்குள் நுழைய முடியாது.

எல்லாவற்றிலும் நுட்பமானது ஒரு சிறு கயிறு. அதன் ஒரு முனை ஓட்டுபவரின் மணிக்கட்டில் கட்டப்பட்டிருக்கும். மறுமுனையில் உள்ள காந்தம் கைப்பிடித் தண்டில் ஒட்டியிருக்கும். அதன் தேவையை உணர, செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் மேலெழுந்து வண்டி பின்னோக்கிச் சாய்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். விழப்போகும் மனிதர் இயல்பாகவே கைப்பிடியை இறுகப் பற்றுவார். அவர் உடல் பின்னால் செல்லச் செல்ல, பற்றிய கை விசைப்பிடியை மேலும் திருகிவிடும். விசை கூடும், வண்டி இன்னும் வேகமாக மேலெழுந்து அவர்மேலேயே கவிழும். தற்காத்துக்கொள்ளப் பற்றிய கையே தீங்கை வளர்க்கிறது. கயிறு இழுபட்டுக் காந்தம் விலகிய நொடியில் எஞ்சின் நின்றுவிடும். கீழே விழுந்த வண்டியைத் தூக்க ஓடிவருபவரின் விரல்கள் சுழலும் சங்கிலியில் சிக்காமலிருக்கவும் அது உதவுகிறது. பின்சக்கரப் பற்சக்கரத்துக்கு உறை போடுவதும், பிரேக் பிடியின் நுனியைக் குத்தாதபடி உருண்டையாக்குவதும் இதே எண்ணத்தில் பிறந்தவை.

போட்டி நாளில்

போட்டி தொடங்கிய பின்பும் கட்டம் அப்படியே இருப்பதில்லை. காலையில் பத்தாவதாகச் செல்பவர்க்குக் கெட்டியான மண். மாலையில் நூறாவதாகச் செல்பவர்க்கு முன்சென்ற சக்கரங்கள் தோண்டிய பள்ளம். இடையே மழை பெய்தால், காலையில் எளிதாக இருந்த சரிவு வழுக்குமரமாகிவிடும். கட்டம் அமைப்பவர் இதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். விழுபவர் எப்பக்கம் உருளுவார், அங்கே முறிந்த மரக்கட்டை ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா, பெயர்ந்த கல் உருண்டால் கீழே நிற்கும் கண்காணிப்பாளர்மேல் படுமா, அடிபட்டவரைத் தூக்கிச் செல்ல வழியுண்டா என்பன அவர் விடை காண வேண்டிய கேள்விகள். எதிர்பாராத அளவுக்கு நிலைமை கெட்டுவிட்டால், பொறுப்பாளர்கள் அக்கட்டத்தையே போட்டியிலிருந்து நீக்கிவிடுவதும் உண்டு.

ஓட்டுபவர்க்கும் ஒரு கடமை உண்டு. கட்டத்துக்குள் வண்டியோடு பயிற்சி செய்யக் கூடாது. ஆனால் நடந்து பார்க்கலாம். எனவே ஒவ்வொருவரும் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, காலால் கல்லை அசைத்துப் பார்த்து, சேற்றின் ஆழத்தை மிதித்துப் பார்த்து, முன்செல்பவர் எங்கே வழுக்குகிறார் என்று கவனித்து நிற்பதைக் காணலாம். சிலர் இரண்டு, மூன்று முறை நடப்பர். பிறகு திரும்பி வந்து, கயிற்றை மணிக்கட்டில் மாட்டி, கிளட்சை மெல்ல விடுவித்துக் கட்டத்துக்குள் நுழைகின்றனர். வேறு சிலர் கண்காணிப்பாளரிடம் சென்று தலையை அசைக்கின்றனர். அவர் 5 என்று குறித்துக்கொள்கிறார். அவர்களும் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டத்தை நோக்கிப் புறப்படுகின்றனர்.